தலைமைச் செயலாளரின் கடிதமும் காத்திருக்கும் தொகுதியும்

2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு முடிந்தது. ஐந்தாம் நாள், ஏப்ரல் 11 அன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் கொரோனா தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் மதுரையில் இறந்தார். வாக்கு எந்திரங்கள் சீல் வைத்த அறையில் இருந்தன. எண்ணிக்கைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இறந்தவர் ஜெயித்துவிட்டால் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. எண்ணிக்கை திட்டமிட்டபடி நடக்கும், அவர் வென்றால் இடைத்தேர்தல் வரும் என்று தலைமைத் தேர்தல் அதிகாரி சத்யபிரத சாகு விளக்கினார். சட்டமும் அதுதான். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால்தான் வாக்குப்பதிவு ஒத்திவைக்கப்படும். பதிவு முடிந்த பிறகு இறந்தால், போட்ட வாக்கு போட்ட வாக்கே. மே 2 அன்று எண்ணி முடித்தபோது அ.தி.மு.க.வின் மான்ராஜ் சுமார் பன்னிரண்டாயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார். அத்தோடு அந்தக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

எனக்கு அது மறக்கவில்லை. மாதவராவ் வென்றிருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் எத்தனை மாதம் எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்திருக்கும்? அந்தக் காலத்தை யார் தீர்மானித்திருப்பார்கள்? தேர்தல் ஆணையம் என்பது பாடப்புத்தகப் பதில். கடந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் காலியான தொகுதிகளின் கதையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அந்தப் பதில் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. மறுபாதி கோட்டையிலிருந்து டெல்லிக்குப் போகும் ஒரு கடிதத்தில் இருக்கிறது.

சேத்தூரில் இருப்பவருக்கு இது தூரத்து விஷயமல்ல. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பழைய ஜமீன் ஊர் அது. இன்றைக்குப் பேரூராட்சி. சட்டமன்றத்துக்கு ராஜபாளையம் தொகுதி, நாடாளுமன்றத்துக்குத் தென்காசி, மாவட்டம் விருதுநகர். மலையிலிருந்து இறங்கும் யானை மாந்தோப்பையும் தென்னையையும் சாய்த்துவிட்டால், கண்மாய் மடை உடைந்தால், அரசு மருத்துவமனையில் டாக்டர் இல்லையென்றால், மனுவோடு போய் நிற்கும் இடங்களில் முக்கியமானது எம்.எல்.ஏ. அலுவலகம். அதிகாரிகள் எப்போதும் இருப்பார்கள். ஆனால் அந்த அதிகாரியைச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் இல்லாத காலத்தை வெறும் நிர்வாகத் தாமதமாகப் பார்க்க முடியாது.

உறுப்பினர் இல்லாத காலம் எப்படி இருக்கும் என்பதைச் சேத்தூர் உள்ளூர் அளவில் அனுபவித்தும் இருக்கிறது. 2016 அக்டோபரில் பேரூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலத்தில் தமிழகத்துப் பேரூராட்சிகளை எல்லாம் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். கவுன்சிலர் என்று ஒருவர் வார்டில் இல்லாமலே ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

காலியான இடத்தை நிரப்புவதில் உலகமெங்கும் ஒரே முறை இல்லை. அமெரிக்காவில் 1913-இல் வந்த பதினேழாவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, செனட்டில் ஓர் இடம் காலியானால், மாநிலச் சட்டமன்றம் அனுமதித்திருக்கும் பட்சத்தில், ஆளுநரே தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். 2008-இல் பராக் ஒபாமா அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இல்லினாய் மாநிலத்தின் செனட் இடம் காலியானது. அந்த இடத்தை விலைபேசினார் என்ற குற்றச்சாட்டில் ஆளுநர் ராட் பிளகோயவிச் டிசம்பர் 9 அன்று கைதானார். அதற்குப் பிறகும், அதே மாதம் 30-ஆம் தேதி, ரோலண்ட் பரிஸ் என்பவரை அவர் நியமித்தார். நியமனச் சான்றில் மாநிலச் செயலரும் கையெழுத்திட வேண்டும் என்பது வழக்கம். அப்பதவியில் இருந்த ஜெசி ஒயிட் கையெழுத்திட மறுத்தார். விவகாரம் இல்லினாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. நியமனம் செல்லுபடியாக அந்தக் கையெழுத்து தேவையில்லை என்று 2009 ஜனவரி 9 அன்று நீதிமன்றம் சொன்னது. ஆறு நாளில் பரிஸ் பதவியேற்றார். பிளகோயவிச் பின்னர் பதினான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஓர் அதிகாரியின் மறுப்பு உலகமே பார்க்க நடந்தது, அதன் சட்ட மதிப்பு என்ன என்பதை நீதிமன்றம் பத்தே நாளில் தீர்த்துவைத்தது என்பதுதான்.

நம்மிடம் ஆளுநருக்கு இந்த அதிகாரம் இல்லை. சட்டமன்றத்தில் காலியாகும் இடத்தை மக்கள்தான் நிரப்ப வேண்டும். தேர்தலுக்கு வேண்டிய ஊழியர்களைத் தேர்தல் ஆணையம் கேட்டால் ஆளுநர் தர வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 324-ஆவது பிரிவு. அவ்வளவுதான். ஆனால் மேலவை இருந்த காலத்தில் ஆளுநர் நியமனம் என்ற வாசல் ஒன்று திறந்திருந்தது. அது மிகப் பெரிய அளவில் பயன்பட்ட சமயத்தில் ராஜபாளையத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1949 முதல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா. 1952 பொதுத் தேர்தலில் அவரே தோற்றுப்போனார். 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்தன. கம்யூனிஸ்டுகளும் பிறரும் சேர்ந்து ஆட்சியமைக்கும் வாய்ப்பு தெரிந்த நேரத்தில், ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சியமைக்க அழைத்தார். ராஜாஜி ஏப்ரல் 10 அன்று முதலமைச்சரானார். எந்தத் தொகுதியிலும் அவர் வாக்குக் கேட்கவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வழக்கு நிற்கவில்லை. 1986-இல் மேலவை கலைக்கப்பட்டதோடு தமிழ்நாட்டில் அந்த வாசல் மூடப்பட்டது.

இன்றைக்கு நியமிக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. ஆனால் காத்திருக்கவைக்கும் அதிகாரம் இருக்கிறது. அது ஒருவரிடம் குவிந்திருக்கவில்லை, பல மேசைகளில் பிரிந்து கிடக்கிறது.

முதல் மேசை சட்டமன்றச் செயலகம். ஓர் இடம் காலியானது என்று அரசிதழில் அறிவித்து, தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியது அங்கேதான். இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்ற உறுப்பினர் அந்த நிமிடமே பதவியிழக்கிறார் என்று 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம், முதலமைச்சரும் ஸ்ரீரங்கம் உறுப்பினருமான ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்தது. ஸ்ரீரங்கம் தொகுதி காலியானது என்ற அறிவிப்பு வந்ததோ நவம்பர் 8 அன்று. ஆறு வாரம் ஆனது. இடைத்தேர்தல் 2015 பிப்ரவரி 13 அன்று நடந்தது. அதே ஆண்டு மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் போட்டியிட வழிவிட்டு மே 17 அன்று ஆர்.கே. நகர் உறுப்பினர் வெற்றிவேல் பதவி விலகினார். விலகல் அன்றே ஏற்கப்பட்டது, ஜூன் 27 அன்று வாக்குப்பதிவும் நடந்துவிட்டது. நாற்பத்தொரு நாள்! ஒரு தொகுதிக்கு அறிவிப்புக்கே ஆறு வாரம், இன்னொன்றுக்குத் தேர்தலே ஆறு வாரத்துக்குள். சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆளுங்கட்சியின் தேவைதான் வேறாக இருந்தது.

இரண்டாவது மேசைக்குப் போகுமுன் ஆறு மாத வரம்பைப் பார்க்க வேண்டும். 1996-க்கு முன் இடைத்தேர்தலுக்குக் கெடுவே கிடையாது. அந்த ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அது. இரண்டு விலக்குகள் உண்டு. மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டிய கட்டாயமில்லை. ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தாலும் நடத்த வேண்டியதில்லை. கடினம் என்பதற்கு இலக்கணம் எதுவும் சட்டத்தில் இல்லை. அந்தக் கடினத்தை ஆணையத்துக்கு எடுத்துச் சொல்பவர் யார் என்றும் இல்லை. நடைமுறையில் சொல்பவர் மாநிலத் தலைமைச் செயலாளர். இரண்டாவது மேசை அவருடையது.

இந்த இடத்தில் சட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். மாவட்டத் தேர்தல் அதிகாரியாக இருப்பவர் கலெக்டர். அவருக்கு மேலே மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரி. தொகுதிக்கு ஒரு தேர்தல் நடத்தும் அலுவலர். தேர்தல் அறிவிக்கை வெளிவந்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கப்படும் வரை தேர்தல் பணியிலுள்ள அதிகாரிகள் ஆணையத்தின் அயற்பணியில் இருப்பதாகக் கருதப்பட வேண்டும், அதன் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும் என்கிறது 28ஏ பிரிவு. அந்தக் கட்டுப்பாடு வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் வேட்புமனு முதலில் நிராகரிக்கப்பட்டு, பிறகு ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்து, இரவில் மீண்டும் நிராகரிக்கப்பட்டது. முன்மொழிந்த பத்துப் பேரில் இரண்டு பேர் அது தங்கள் கையெழுத்தல்ல என்று சொன்னதுதான் காரணமாகக் காட்டப்பட்டது. சில நாள்களில் ஆணையம் அந்தத் தேர்தல் நடத்தும் அலுவலரையே மாற்றியது. முடிவு சரியா தவறா என்பது வேறு வழக்கு. அதிகாரியை ஆணையத்தால் மாற்ற முடிந்தது.

ஆனால் இந்தக் கட்டுப்பாடு தொடங்குவது அறிவிக்கை வெளியான பிறகுதான். அறிவிக்கை எப்போது வெளியாக வேண்டும் என்று முடிவெடுக்கும் கட்டத்தில் கலெக்டர்கூட மாநில அரசின் அதிகாரி. தலைமைச் செயலாளரோ தேர்தல் அதிகாரிகளின் வரிசையிலேயே இல்லாதவர், முதலமைச்சரின் கீழ் பணிபுரிபவர். ஆகவே தேர்தலின் நாளைத் தீர்மானிக்கும் கருத்து, தேர்தலில் நேரடி லாப நஷ்டம் உள்ள அரசின் பக்கத்திலிருந்தே வருகிறது. இதை யாரும் திட்டமிட்டு இயற்றவில்லை. சட்டம் பேசாமல் விட்ட இடத்தில் வழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

திருவாரூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018 ஆகஸ்ட் 7 அன்று மு. கருணாநிதி மறைந்தார். ஆறு மாதக் கெடு 2019 பிப்ரவரி முதல் வாரத்தில் முடியும். 2018 அக்டோபர் 6 அன்று ஐந்து மாநிலத் தேர்தல் தேதிகளை அறிவித்த தலைமைத் தேர்தல் ஆணையர் ஓ.பி. ராவத், திருவாரூர், திருப்பரங்குன்றம் தொகுதிகளுக்கு ஏன் தேதி இல்லை என்பதற்குக் காரணம் சொன்னார்: வடகிழக்குப் பருவமழையைச் சுட்டிக்காட்டித் தமிழகத் தலைமைச் செயலாளர் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறார். அப்போது அப்பதவியில் இருந்தவர் கிரிஜா வைத்தியநாதன். அப்படி ஒரு கடிதம் போயிருப்பது பொதுமக்களுக்குத் தெரியவந்ததே, தேதி இல்லை என்ற முடிவோடு சேர்ந்துதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: மழை பற்றிய கவலை பொய்யல்ல. நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டங்களைச் சின்னாபின்னமாக்கியது. அப்போது தேர்தல் வைத்திருந்தால் வாக்குச்சாவடிகளுக்குக் கூரை இருந்திருக்காது. டிசம்பர் 31 அன்று ஆணையம் ஜனவரி 28-ஐ வாக்குப்பதிவு நாளாக அறிவித்தது. இப்போது எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. நிவாரணம் முடியவில்லை, நடத்தை விதிகள் வந்தால் அது நின்றுபோகும் என்றன சில கட்சிகள். மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டர் கட்சிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். யார் யார் என்ன சொன்னார்கள் என்பது மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. அவருடைய அறிக்கை தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாக டெல்லிக்குப் போனது. ஜனவரி 7 அன்று ஆணையம் தேர்தலை ரத்து செய்தது. கடைசியில் ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்து வாக்குப்பதிவு நடந்தது. அன்றுதான் விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூரும், அதன் உறுப்பினர் உட்படப் பதினெட்டு உறுப்பினர்கள் தகுதி நீக்கப்பட்ட 2017 செப்டம்பரிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்துவிட்டு, வாக்களித்தது. சாத்தூரின் காத்திருப்புக்குக் காரணம் நீதிமன்றத்தில் நடந்த நீண்ட வழக்கு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒரே தொகுதிக்கு இரண்டு ஒத்திவைப்புகள். ஒன்று அறைக்குள் எழுதப்பட்ட கடிதத்தால், இன்னொன்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டு எழுதிய அறிக்கையால். இரண்டாவதை எதிர்த்தவர்கள்கூட என்ன காரணம் என்று தெரிந்துகொண்டு எதிர்த்தார்கள். அந்தக் கலெக்டர் செய்ததுதான் சரியான முறை என்று நினைக்கிறேன். அது எந்தச் சட்டத்திலும் கட்டாயமாக இல்லை என்பதுதான் வருத்தம்.

கொரோனா காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2020 பிப்ரவரி 27 அன்று திருவொற்றியூர் உறுப்பினர் கே.பி.பி. சாமியும், அடுத்த நாள் குடியாத்தம் உறுப்பினர் காத்தவராயனும் இறந்தார்கள். சட்டமன்றத்தின் ஆயுள் 2021 மே வரை இருந்தது. ஓராண்டுக்கு மேல் மீதம், எனவே இடைத்தேர்தல் கட்டாயம். செப்டம்பர் 29 அன்று ஆணையம் முடிவை அறிவித்தது. அசாம், கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களின் தலைமைச் செயலாளர்களும் தலைமைத் தேர்தல் அதிகாரிகளும் சிரமங்களைத் தெரிவித்திருப்பதால், அங்குள்ள ஏழு தொகுதிகளுக்குத் தேர்தல் இல்லை. அந்த ஏழில் இரண்டு நம்முடையவை. அதே தொற்றுக்கு நடுவே, நவம்பர் 3 அன்று, மத்தியப் பிரதேசத்தில் 28 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. அங்கே ஆட்சியின் பெரும்பான்மையே அந்த இடங்களில் இருந்தது. திருவொற்றியூர் மீனவரும் குடியாத்தம் நெசவாளரும் அந்தக் கொடிய ஆண்டில், பிழைப்புக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் ஒருசேரத் தவித்த ஆண்டில், பதினான்கு மாதம் உறுப்பினர் இல்லாமல் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு கடிதம் எதிர்த்திசையில் பறந்தது. நந்திகிராமில் தோற்றிருந்த மம்தா பானர்ஜி 2021 மே 5 அன்று முதலமைச்சரானார். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். பவானிபூர் தொகுதியில் தேர்தல் நடத்தாவிட்டால் அரசியல் சட்ட நெருக்கடி வரும் என்று மேற்கு வங்கத் தலைமைச் செயலாளர் ஆணையத்துக்கு எழுதினார். செப்டம்பர் 4 அன்று ஆணையம் அந்தக் கடிதத்தைக் காட்டியே பவானிபூருக்குத் தேதி அறிவித்தது. நாடெங்கும் இன்னும் 31 சட்டமன்றத் தொகுதிகள் காத்திருக்க வைக்கப்பட்டன. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் தேர்தலை நிறுத்தவில்லை. ஆனால் தலைமைச் செயலாளர் பொது ஊழியராக நடந்துகொள்ளாமல் ஆளுங்கட்சியின் ஊழியரைப்போல நடந்துகொண்டார் என்று செப்டம்பர் 28 தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தார்கள். ஒரு நபர் வெல்லாவிட்டால் அரசியல் சட்டத்துக்கு என்ன நெருக்கடி என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கண்டனம் எழ முடிந்ததே, கடிதத்தின் வாசகம் ஆணையத்தின் செய்திக்குறிப்பில் வெளியானதால்தான்.

மறுவாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மாநிலத்தின் போலீஸ் எண்ணிக்கை, வெள்ளம், நோய், தேர்வுக் காலம் இவற்றையெல்லாம் டெல்லியில் உட்கார்ந்திருப்பவர் அறிய முடியாது. மாநில நிர்வாகத்தின் தலைவரைக் கேட்காமல் தேதி வைப்பது பொறுப்பற்ற செயல். உண்மைதான். தலைமைச் செயலாளர் எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதட்டும். அனுப்பிய அன்றே அது தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வரட்டும். மழை என்றால் எந்தெந்த வாரம், எந்தெந்த வட்டம், மாற்றாக எந்த நாள் என்று அதில் இருக்கட்டும். எதிர்க்கட்சியும் தொகுதி மக்களும் பதில் எழுத ஒரு வாரமாவது கிடைக்கட்டும். கடினம் என்று சான்றளிக்கும் ஆணையம் அந்தப் பதில்களையும் வாசித்ததாகக் காட்டி உத்தரவு போடட்டும். 28ஏ பிரிவின் கட்டுப்பாடு, இடம் காலியான நாளிலிருந்தே தொகுதியின் மாவட்டத் தேர்தல் அதிகாரிக்குப் பொருந்தும்படி நாடாளுமன்றம் திருத்தினால், கலெக்டரின் அறிக்கை யாருக்கும் அஞ்சாமல் வரும்.

ஓராண்டு விலக்கையும் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. 2025 ஜூன் 21 அன்று வால்பாறை உறுப்பினர் அமுல் கந்தசாமி இறந்தார். சட்டமன்றத்தின் ஆயுள் 2026 மே வரைதான் என்பதால் இடைத்தேர்தலுக்குக் கட்டாயம் இல்லாமல் போனது. தேயிலைத் தோட்டக் கூலி, சிறுத்தை தாக்குதல், மலைச்சாலை என்று பேச வேண்டியவை குவிந்துகிடக்கும் தொகுதி அது. பத்து மாதத்துக்கு மேலான காலம் குறுகிய காலமா? ஆறு மாதத்துக்குக் குறைவாக மீதமிருந்தால் மட்டும் விலக்கு என்று ஆக்கினால் போதும்.

சட்டத்திருத்தம் வரும்வரை நம் கையில் ஒன்று இருக்கிறது. உங்கள் தொகுதி என்றைக்காவது காலியாகி, மாதங்கள் ஓடினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொது (தேர்தல்கள்) துறைக்கு ஒரு மனு அனுப்புங்கள். இந்தத் தொகுதியின் இடைத்தேர்தல் பற்றித் தலைமைச் செயலாளரும் தலைமைத் தேர்தல் அதிகாரியும் கலெக்டரும் தேர்தல் ஆணையத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். சேத்தூரிலிருந்து ஒரு மனு போனாலும் அதற்கு முப்பது நாளில் பதில் தர வேண்டியது சட்டக் கடமை.